கூரையில் ஒரு ஓட்டை: சன்ரூஃப் ஒழுகும் கதை



தலைப்பைப் பார்த்ததும் இது மெக்கானிக் சமாசாரம் என்று ஓடிவிடாதீர்கள். சரித்திரம்தான் எழுதப்போகிறேன். என்ன ஒன்று, இந்தச் சரித்திரம் அரண்மனையிலோ போர்க்களத்திலோ தொடங்கவில்லை. என் மாமாவின் காரில், முன் சீட்டின் காலடியில், மிதியடி மிதக்கும் அளவுத் தண்ணீரில் தொடங்குகிறது.

மாமா செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினார். சன்ரூஃப் உள்ள கார். "காசு கொடுத்து கூரையில ஓட்டையும் சேர்த்து வாங்கிட்டு வந்திருக்கார்" என்று அத்தை அன்றைக்கே சொன்னார். நாங்கள் சிரித்தோம். ஐப்பசி மழையில் உள்விளக்கின் ஓரத்திலிருந்து முதல் சொட்டு மாமாவின் மடியில் விழுந்தபோது அத்தை மட்டும்தான் சிரித்தார்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். கண்ணாடி, சட்டம், மோட்டார் எல்லாமாகச் சேர்த்து மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையில் நான் இரண்டு செமஸ்டர் படித்துவிடலாம். "எதுக்கு மாப்ள, நாமளே பண்ணிடுவோம்" என்று மாமா ஒரு சிலிகான் டியூப் வாங்கி வந்தார். கண்ணாடியைச் சுற்றி இருந்த இடுக்கு முழுக்க அடைத்தோம். இரண்டு நாள் ஒரு சொட்டு இல்லை. மூன்றாம் நாள்தான் மழையே பெய்தது. முன்பைவிட அதிகமாக ஒழுகியது!

அடைத்த பிறகு எப்படி அதிகமாகும்? இந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கும் இணையத்துக்கும் விரட்டியது. கிடைத்த பதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். சன்ரூஃப் என்பது தண்ணீரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தே செய்தது அது. வந்த தண்ணீரை வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை. நாங்கள் தப்பான இடத்தில், தப்பான காலத்து வைத்தியத்தைப் பார்த்திருக்கிறோம். "தப்பான காலத்து" என்று சும்மா சொல்லவில்லை. ஒரு காலத்தில் கார் கூரைக்கு அந்த வைத்தியம்தான் சரி.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது திறந்த கார்கள். மேலே மடக்கும் துணி, அவ்வளவுதான். மழை வந்தால் இறங்கி இழுத்துக் கட்டவேண்டும். பத்தே ஆண்டுகளில், 1929 வாக்கில், இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. பத்துக்கு ஒன்பது கார் மூடிய கார். ஆனால் மூடிய கார் என்றவுடன் இன்றைய காரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கார்களின் கூரைக்கு நடுவில் இரும்பே கிடையாது! சுற்றிலும் தகடு, நடுவில் மரச்சட்டம், அதன்மேல் பஞ்சு, அதற்கும் மேல் தண்ணீர் புகாதபடி பூச்சு கொடுத்த துணி. காரணம் எளிது. ஒரு கூரை முழுவதையும் ஒரே துண்டாக அடித்து எடுக்கும் அளவுக்கு அகலமான எஃகுத் தகடு அன்று மலிவாகக் கிடைக்கவில்லை, அதை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ்களும் பரவலாக இல்லை.

ஆக, அந்தக் காலத்து ஒவ்வொரு காரின் கூரையிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, துணியால் மூடியபடி. வெயிலில் துணி வெடிக்கும், ஓரத்தில் பிரியும், மழை உள்ளே இறங்கும், மரச்சட்டம் உளுத்துப்போகும். வண்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? கூரைக்குப் பூசுவதற்கென்றே டப்பாவில் விற்ற கறுப்புப் பூச்சை வாங்கி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பிரஷ்ஷால் பூசினார்கள். நம் ஊரில் மழைக்கு முன் மொட்டை மாடிக்குப் பூசுகிற மாதிரி. அது வேலையும் செய்தது. ஏனென்றால் அந்தக் கூரைக்குத் தண்ணீரைத் தடுப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. தண்ணீர் துணியைத் தாண்டிவிட்டால் அடுத்து இருப்பது பயணியின் தலைதான்.

1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு முடிவு கட்டியது. அவர்களுடைய ஃபிஷர் பாடி பிரிவு கூரை முழுவதையும் ஒரே எஃகுத் தகட்டில் அடித்து எடுத்தது. 'டரட் டாப்' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள். அகலமான தகட்டைத் தொடர்ச்சியாக உருட்டித் தரும் ஆலைகள் வந்ததால்தான் இது முடிந்தது. சில வருஷங்களில் எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள். கூரை ஒழுகல் என்ற வியாதி ஒழிந்தது.

ஒழிந்ததா? மனிதனுக்கு ஒரு ஓட்டையை அடைத்தவுடன் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. இரண்டே வருஷம் கழித்து, 1937-ல், நாஷ் மோட்டார்ஸ் அந்த எஃகுக் கூரையில் மறுபடி ஓட்டை போட்டு, திறக்கும் பலகை வைத்து விற்றது. அமெரிக்காவில் கம்பெனியே சன்ரூஃப் பொருத்திக் கொடுத்த முதல் கார் என்று நாஷைத்தான் சொல்கிறார்கள். (நாஷ் அதே வருஷம் ஃபிரிட்ஜ் செய்யும் கெல்வினேட்டரோடு இணைந்தது. ஆமாம், நம் வீடுகளில் இருந்த அதே கெல்வினேட்டர் பெயர்தான். கூரையைத் திறப்பவர்களும் கதவை இறுக்கி மூடுபவர்களும் ஒரே கம்பெனி! :-) )

ஐரோப்பா இதில் அமெரிக்காவை முந்திக்கொண்டது. அங்கே வெயில் அபூர்வம். கிடைக்கிற நாலு நாள் வெயிலைத் தலையில் வாங்கிக்கொள்ள ஆசை. ஜெர்மனியில் கோல்டே என்ற கம்பெனியும், வில்ஹெல்ம் பையர் 1901-ல் தொடங்கிய வெபாஸ்டோவும் இதையே தொழிலாக எடுத்துக்கொண்டன. வெபாஸ்டோ என்ற பெயரே அவர் பெயரையும் ஸ்டாக்டார்ஃப் என்ற அவர் ஊரையும் வெட்டி ஒட்டியது. 1948-ல் வந்த சிட்ரோயன் 2சிவி காரில் கூரை முழுவதுமே சுருட்டி வைக்கும் துணி. 1957-ல் வந்த குட்டி ஃபியட் 500 காரிலும் துணிக்கூரை. இவையெல்லாம் பழைய தத்துவம்தான். துணி, இறுக்கம், தடுப்பு.

சுருட்டும் துணி வேறு, நழுவும் பலகை வேறு. இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கூரையில் ஒரு எஃகுப் பலகை இருக்கிறது. திறக்கும்போது அது பின்பக்கம் சற்றுக் கீழே இறங்கி, கூரைக்கும் உள்துணிக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் நழுவவேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் அதில் கோல்டேயின் துணிக்கூரை கிடைத்தது. 1964 மாடலில் அதை விட்டுவிட்டு, கைப்பிடியைச் சுற்றினால் நகரும் எஃகுப் பலகைக்கு மாறினார்கள். கைப்பிடி ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும், அது இரண்டு பக்கமும் உள்ள முறுக்குக் கம்பிகளைத் தள்ளும், பலகை நகரும். இப்படி நகரவேண்டிய பலகையைச் சுற்றி ரப்பரை இறுக்கமாக வைத்தால் என்ன ஆகும்? நகராது. வெயிலில் தகடு விரியும்போது சிக்கிக்கொள்ளும். அதனால் இடைவெளி விட்டே ஆகவேண்டும். அந்த இடைவெளியில் துணிமுகம் கொண்ட ஒரு பட்டை. அது காற்றையும் சத்தத்தையும் பெரும்பாலான தண்ணீரையும் நிறுத்தும். பெரும்பாலான, அவ்வளவுதான். மிச்சம் உள்ளே வரும்.

வரட்டும் என்று விட்டதுதான் அந்தப் பொறியாளர்களின் புத்திசாலித்தனம். பலகைக்குக் கீழே, சுற்றிலும், ஒரு வாய்க்கால் வைத்தார்கள். நான்கு மூலையில் நான்கு துவாரம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய். முன்னிரண்டும் முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் இறங்கும், பின்னிரண்டும் பின்தூணுக்குள் இறங்கும், கடைசியில் வண்டிக்கு அடியிலோ சக்கரத்துக்கு அருகிலோ வெளியே சொட்டும். பீட்டில் இதைக் கண்டுபிடிக்கவில்லை. 1930களின் பிரிட்டிஷ் சலூன் கார்களின் நழுவும் கூரைகளிலேயே வடிகால் குழாய்கள் உண்டு. அந்தப் பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இன்றும் அந்தக் குழாய்களைக் குத்துவது ஒரு வேலை. ஆனால் லட்சக்கணக்கான சாதாரண வீட்டு வாசல்களுக்கு இந்த அமைப்பைக் கொண்டுபோனதில் பீட்டிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்மவர்களுக்கு இது புது யோசனையே இல்லை. பாட்டி ஊரில் முற்றம் வைத்த வீடு. வீட்டுக்கு நடுவில் வானம். மழை வீட்டுக்குள்தான் பெய்யும். யாரும் தார்ப்பாய் கட்டுவதில்லை. தரை சரிவாக இருக்கும், ஒரு மூலையில் ஜலதாரை இருக்கும், தண்ணீர் தன் வழியில் தெருவுக்குப் போய்விடும். மழைக்காலம் வருமுன் பாட்டி முதலில் செய்வது அந்தத் துவாரத்தில் குச்சி விட்டு இலைதழைகளை எடுப்பது. அது அடைத்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். சன்ரூஃப் என்பது காருக்குள் வைத்த முற்றம். இதை யாராவது மாமாவிடம் முன்பே சொல்லியிருந்தால் அந்த சிலிகான் டியூப் காசு மிச்சம்.

அமெரிக்காவுக்கு இந்த ஜெர்மன் வழியைக் கொண்டுபோனவர் ஹைன்ஸ் பிரெக்டர். 1942-ல் ஜெர்மனியில் பிறந்தவர், மாணவராக அமெரிக்கா வந்தார். 1965-ல், 23 வயதில் (கிட்டத்தட்ட நம் வயது, மனசு வலிக்கிறது), லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கராஜில் அமெரிக்கன் சன்ரூஃப் கம்பெனியைத் தொடங்கினார். முதலீடு 764 டாலர் மதிப்புள்ள கருவிகள். ஒரு பழைய கதவுதான் வேலை மேஜை. தையல் மெஷின் காயலான் கடையிலிருந்து வந்தது. அன்று அமெரிக்க கார் கம்பெனிகள் சன்ரூஃப் பொருத்தித் தருவது அநேகமாக நின்றே போயிருந்தது. வேண்டுமென்றவர்கள் புத்தம்புதுக் காரைக் கொண்டுவருவார்கள், பிரெக்டர் கூரையை அறுப்பார். புதுக் கார் கூரையில் ரம்பம் வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும் பாருங்கள்! பிறகு டெட்ராய்ட் பக்கம் போய் கார் கம்பெனிகளுக்கே செய்துகொடுக்க ஆரம்பித்தார். 1960களின் கடைசியில் மெர்க்குரி கூகர், அடுத்து கேடிலாக் என்று மோட்டாரில் நகரும் சன்ரூஃப் பரவியது. 1973-ல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 4 காரில் எஃகுக்குப் பதில் கண்ணாடி வைத்து 'மூன்ரூஃப்' என்று பெயர் சூட்டினார்கள். நிலாவுக்கும் ஒரு விலை!

இதே காலத்தில் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1968 கார்வெட்டின் டி-டாப் கூரை. நடுவில் ஒரு சட்டம், இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கும் பலகை. இங்கே வாய்க்காலை நம்பவில்லை, ரப்பரின் இறுக்கத்தைத்தான் நம்பினார்கள். ரப்பர் புதிதாக இருக்கும்வரை சரி. வெயிலில் காய்ந்து அமுங்கிப்போன ரப்பர் திரும்ப எழும்பாது, தண்ணீர் நேரே தொடைமேல் விழும். டி-டாப் என்றாலே ஒழுகல் என்று பெயர் வாங்கியது இதனால்தான். தடுப்பை மட்டும் நம்பிய கூரைக்கும், தடுப்போடு வடிகாலும் வைத்த கூரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அப்படியானால் வடிகால் வைத்த கூரை ஒழுகவே கூடாதே? குழாய் திறந்திருக்கும்வரை ஒழுகாது. குழாய் விரல் நுழையாத மெல்லியது. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலை, பூ, மகரந்தம், தூசி எல்லாம் வாய்க்காலில் விழும், தண்டவாள கிரீஸோடு சேர்ந்து களியாகும், குழாய்க்குள் இறங்கி இறுகும். அடுத்த மழையில் வாய்க்கால் நிரம்பி உள்பக்கம் வழியும். காலடியில் கம்பளத்துக்குக் கீழே தடித்த ஸ்பாஞ்ச். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நாறும். இப்போதைய கார்களில் எலக்ட்ரானிக் பெட்டிகளும் ஒயர் முடிச்சுகளும் அந்தக் கம்பளத்தடியிலேயே இருப்பதுண்டு. ஒரு பிடி வேப்பம்பூ ஒரு பெட்டியையே காலி செய்யலாம்.

இது யார் குற்றம்? துப்புரவு செய்யாத சொந்தக்காரனுடையதா, அடைத்துக்கொள்ளும்படி குழாய் வைத்தவனுடையதா? இந்தக் கேள்வி நிஜமாகவே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டு வழக்குப் போட்டார்கள். இலையும் மகரந்தமும் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வருகிறது, வடிவமைப்பே கோளாறு, இதைச் சுத்தம் செய்யவேண்டும் என்று எங்களுக்குச் சரியாகச் சொல்லவும் இல்லை என்பது அவர்கள் வாதம். வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை, சமரசத்தில் முடிந்தது. செலவு செய்தவர்களுக்குத் திருப்பித் தர 80 லட்சம் டாலர் நிதி, கூடவே எப்படிப் பராமரிப்பது என்ற அறிவுரைத் தாள்.

2010-ல் கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இந்தச் சமரசத்தை 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. காரணம் சுவாரஸ்யமானது. அதிகம் ஒழுகிய மாடல்காரர்களுக்கு நிதியில் முதல் பந்தி, மற்ற மாடல்காரர்களுக்கு மிச்சம் இருந்தால் கடைசிப் பந்தி என்று பிரித்திருந்தார்கள். எல்லோர் சார்பிலும் நின்ற பிரதிநிதிகள் அத்தனை பேரும் முதல் பந்திக்காரர்கள்! இரண்டாம் பந்திக்காக யார் பேசினார்கள் என்று கேட்டது நீதிமன்றம். திருத்திய பிறகு 2014-ல்தான் சமரசம் நிலைத்தது. ஒரு மெல்லிய குழாய்க்கு ஏழு வருஷ வழக்கு. குற்றம் யாருடையது என்ற என் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. என்னைக் கேட்டால், பயன்படுத்துபவன் சுத்தம் செய்யவேண்டிய ஒன்றை அவன் கண்ணுக்கே படாமல் தூணுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அதைப்பற்றி வாயும் திறக்காமல் இருந்தால், பாதிக்கு மேல் பழி செய்தவனுக்குத்தான். பாட்டி முற்றத்தின் ஜலதாரை கண்ணெதிரே இருந்தது.

சரி, மாமாவின் காருக்கு வருவோம்.

முதலில் தண்ணீர் சன்ரூஃபிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்தோம். மழையே இல்லாத நாளில் ஏசி ஓடும்போது மட்டும் காலடி நனைந்தால் அது ஏசியின் வடிகால் அடைப்பு, சன்ரூஃபைக் குறை சொல்லக்கூடாது. எங்களுக்கு மழையில்தான் வந்தது. அடுத்து எங்கள் சிலிகானை எல்லாம் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்தோம். அடைக்க அரை மணி, சுரண்ட ஒன்றரை நாள். கண்ணாடியைத் திறந்து வாய்க்காலைப் பார்த்தால் கறுப்புக் களி. முன் இடது துவாரத்தின் வாயில் எங்கள் கைவண்ணம், ஒரு சிலிகான் உருண்டை. அரைகுறையாக வடிந்துகொண்டிருந்த குழாயையும் நாங்களே மூடியிருந்தோம். அதிகமாக ஒழுகிய மர்மம் அதுதான்.

ஈரத்துணியால் வாய்க்காலைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். நான் மேலே, மாமா கீழே குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில். பின் வலது உடனே சொட்டியது. பின் இடது மெதுவாக. முன்னிரண்டும் அசையவே இல்லை. தெரு முனை பஞ்சர் கடையில் காற்றடித்து விடலாம் என்றார் மாமா. நல்லவேளை, படித்திருந்தேன். அந்த அழுத்தத்தில் குழாய் உள்ளே மூட்டிலிருந்து கழன்றுவிடும், அப்புறம் கூரைத் துணியையே இறக்கவேண்டியிருக்கும். கூர்மையான கம்பியும் கூடாது, குழாயைக் கிழித்துவிடும். மீன்பிடி சாமான் கடையில் தடித்த நைலான் நரம்பு வாங்கி, நுனியைத் தீக்குச்சியில் காட்டி மொட்டையாக்கி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்கினோம். முன் வலதில் ஒரு முழம் போனதும் தட்டியது. தள்ளாமல், இழுத்து, திருகி, வெந்நீர் கொஞ்சம் விட்டு, மறுபடி. இருபது நிமிஷம். திடீரென்று கீழே மாமாவின் முகத்தில் கறுப்புத் தண்ணீர். அவ்வளவு சந்தோஷமாக யாரும் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை.

கம்பளத்தைத் தூக்கி, ஸ்பாஞ்ச் காய மூன்று நாள் மின்விசிறி போட்டோம். மேலே மட்டும் காய்ந்ததை நம்பி மூடியிருந்தால் நாற்றம் திரும்பியிருக்கும். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. சிலிகான் டியூபைக் கணக்கில் சேர்க்கவில்லை, மாமா சேர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இப்போது மழைக்காலத்துக்கு முன் நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஊற்றுவது அத்தை. பின் இடது மூலை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.